திவ்யாவின் தலையில் நீ வைத்த கை

நான் பெறாத என் மூத்த பிள்ளை விக்கிக்கு,

உனக்குத் தமிழ் படிக்க வராது. புனே பக்கத்து நிக்டியிலேயே பிறந்து வளர்ந்தவன் நீ. ஓடுகிற பஸ்ஸில் மராத்தி போர்டைப் படித்துவிடுவாய், என் வாரப் பத்திரிகையை நீட்டினால் மட்டும் "அண்ணி, இது பூரா ஜிலேபி" என்று சிரிப்பாய். ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். குடியாத்தத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவளுக்குக் கோபமும் அழுகையும் இன்னும் வேறு பாஷையில் வரவில்லை.

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வழக்கமாகக் கோலம், கொழுக்கட்டை என்று கொடுப்பேன். இந்த வருஷம் இதைக் கொடுக்கப்போகிறேன். உன்னைப் பற்றி ஊரெல்லாம் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறோம். அதை ஊர் முன்னால்தானே திருப்பி வாங்க வேண்டும்?

முதலில் போன செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு நாலாவது மாடி சுனில் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தான். ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று வர வேண்டும். வரவில்லை.

அது என்ன கணக்கு என்று உனக்குப் புரியாது. உன் காலத்தில் அப்படி ஒன்று இல்லை. சொல்கிறேன், ஆனால் அதற்கு ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும். எனக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை, இருந்தாலும் போகிறேன்.

மறுவாழ்வு மையத்தில் நாற்பது நாள் இருந்துவிட்டு நீ வீடு திரும்பிய அன்று ஞாபகம் இருக்கிறதா? முடியை ஒட்ட வெட்டி அனுப்பியிருந்தார்கள். கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. உள்ளே வந்ததும் அத்தை முருகர் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரத்தை ஏற்றி, "என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணுடா, இனிமே அந்தப் பவுடரத் தொடமாட்டேன்னு" என்றார்கள். நீயும் கையைத் தூக்கினாய்.

நான்தான் குறுக்கே வந்தேன். "உங்க தலைன்னா அவன் பத்து தடவ மீறியிருக்கான் அத்தை. கொழந்த தலையில வைக்கச் சொல்லுங்க, அப்பத்தான் பயம் இருக்கும்" என்று சொல்லி, ஆறு வயசு திவ்யாவை இழுத்து உன் முன்னால் நிறுத்தினேன். உன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். பார்த்து சந்தோஷப்பட்டேன் விக்கி. சரியான இடத்தில் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். உன் உயிரே அவள்தானே. நீ கையை வைத்தாய், சொன்னாய், கற்பூரம் அணைந்தது. நான் பாயசம் வைத்தேன்.

பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தாய். பதின்மூன்றாம் நாள் காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றாய். "அண்ணி, ஏக் பாத், ஒரு விஷயம் சொல்லணும்." என்னடா என்று திரும்பினேன். திவ்யா கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நீ என்னைப் பார்க்கவில்லை, அவள் தலையைப் பார்த்தாய். "குச் நஹி, ஒண்ணும் இல்ல அண்ணி. திவ்யாக்கு சாக்லேட் வாங்கட்டுமான்னு கேக்க வந்தேன்." பல்லு சொத்தை, ஒன்றும் வேண்டாம் என்று விரட்டிவிட்டேன். நீ என்னிடம் சொல்ல வந்தது என்ன என்று எனக்கு இன்றைக்குத் தெரியும். சொன்னால் சத்தியம் மீறியதாகிவிடும், மீறினால் குழந்தைக்கு ஆகிவிடும். அப்படி ஒரு பூட்டைப் போட்டுவிட்டு, ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்க எனக்கு யோக்கியதை உண்டா?

மறுநாள் மதியம் உன் அறை உள்ளே தாழிட்டிருந்தது. துணி எடுக்கப் போனவள் கதவுக்கு வெளியே நின்றேன். குறட்டை கேட்டது. பெரிய, ஈரமான குறட்டை. இத்தனை நாள் தூக்கம் வராமல் கூடத்தில் நடந்துகொண்டிருந்தவன் ஒருவழியாகத் தூங்குகிறான் என்று எனக்கு மனசு நிறைந்துபோனது. டிவி சத்தத்தைக் குறைத்தேன். அத்தையிடம் "எழுப்பாதீங்க" என்றேன். விசில் வந்தால் நீ எழுந்துவிடுவாய் என்று, விசில் வரும் முன்னாலேயே குக்கரை இறக்கி வைத்தேன்.

ஆறு மணிக்கு டீ கொண்டுவந்தேன். அதற்கு மேல் நீயும் அறிவாய், நானும் அறிவேன்.

ஆஸ்பத்திரியில் என்ன எழுதினார்கள் என்பது நம் வீட்டுக்குத் தெரியும். வாசலுக்கு வந்தவர்களிடம் ஹார்ட் அட்டாக் என்று சொன்னோம். உன் அண்ணன்தான் முதலில் சொன்னார். நான் கூடவே தலையாட்டினேன். சுனிலிடமும் அதையே சொன்னோம். உன்னோடு ஹிஞ்சேவாடியில் கம்பெனி கேப் ஓட்டியவன், ராத்திரி ஷிப்ட்டுக்கும் பகல் தூக்கத்துக்கும் நடுவில் உன்னோடு சேர்ந்தே அந்தப் பழக்கத்தில் விழுந்தவன். அவனுக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மானம் போகும் என்று விட்டுவிட்டோம்.

இப்போது நிகழ்காலத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் முன்னால் சுனில் அதே மாதிரி ஒரு மையத்திலிருந்து நாற்பத்தைந்து நாள் கழித்து வந்தான். நாலைந்து நாள் கழித்து அவன் அம்மா, நாம் காக்கூ என்று கூப்பிடுகிற சுனந்தா, கையில் நாலு வாழைப்பழத்தோடு கீழே இறங்கி வந்தாள். வந்தவள் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செல்வி, உன் பொண்ண நாளைக்குக் காலைல அரைமணி நேரம் அனுப்புவியா? உங்க விக்கி அவ தலையில கை வச்சு சத்தியம் பண்ணானே, நான் வாசல்ல நின்னு பாத்தேன். அந்தப் பையன் கடைசி வரைக்கும் தொடவே இல்ல பாரு, பாவம், ஹார்ட் கெட்டுப் போச்சு. என் சுனிலும் அவ தலையில பண்ணட்டும். அவளத் தங்கச்சி மாதிரி பாக்கறான்."

மராத்தியில்தான் சொன்னாள். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. நாம் சொன்ன பொய் ஆறு வருஷம் உட்கார்ந்து வளர்ந்து, திவ்யாவின் தலையை மறுபடியும் கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், நீயே சொல்.

"முடியாது" என்றேன். காக்கூ முகம் சுருங்கிப்போனது. அவளை எழுப்பி, மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சுனிலையும் எதிரே உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். ஹார்ட் அட்டாக் இல்லை, அதே பவுடர், அதே ஊசி, உள்ளே தாழிட்ட கதவு. அந்தச் சத்தியம்தான் அவன் வாயைக் கட்டியது என்றும் சொன்னேன். நீ அண்ணி என்பாய், சுனில் வஹினி என்பான்; அவன் தரையைப் பார்த்தான். பிறகு, "எனக்கு சந்தேகம் இருந்துச்சு வஹினி. ஆனா நீங்க எல்லாரும் ஹார்ட்னு சொன்னீங்க. அவனுக்கு ஹார்ட் வீக்கு, எனக்கு இல்லன்னு சொல்லிக்கிட்டேதான் நான் போட்டேன்" என்றான். கொஞ்சம் கழித்து அம்மாவைப் பார்க்காமலே, "வந்த மூணாம் நாளே தொட்டுட்டேன்" என்றான்.

காக்கூ அடிக்கப் போனாள். நான் கையைப் பிடித்தேன். அவன் சொன்னானே என்று எனக்குக் கும்பிடத் தோன்றியது. நீயும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் முதலில் அடிக்கத்தான் வந்திருப்பேன். அதுவும் உண்மை.

சுனிலே ஒரு இடத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். சென்டர் என்று சொல்கிறார்கள். சின்ன அறை, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நர்ஸ். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கிறார்கள் விக்கி, இலவசமாக! என் வாய் சும்மா இருக்குமா? "ஊசிய நீங்களே குடுத்தா அப்புறம் எப்படித் திருந்துவான்?" என்று என் ஓட்டை ஹிந்தியில் சண்டைக்குப் போனேன். அந்தப் பெண் கோபப்படவே இல்லை. "தீதி, திருந்தற அன்னைக்கு அவன் உயிரோட இருக்க வேண்டாமா? அடுத்தவன் ஊசியில நோய் வந்துட்டா அப்ப என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

பிறகு எங்களை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். கொஞ்ச நாள் விட்டிருந்தால் உடம்பு பழைய அளவை மறந்துவிடுமாம். மையத்திலிருந்தோ ஜெயிலிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்கள்தான் பயங்கரமாம். பழைய ஞாபகத்தில் அதே அளவைப் போட்டால் மூச்சு நின்றுபோகும். குறைத்துப் போட்டாலும் போகலாம், ஏனென்றால் பொட்டலத்துக்குள் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. சாராயத்தோடும் தூக்க மாத்திரையோடும் சேர்க்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக, கதவைத் தாழிட்டுக்கொண்டு போடக் கூடாது.

"தொண்டையில தண்ணி கொதிக்கிற மாதிரி குறட்டை வந்தா நல்லா தூங்கறான்னு விட்டுடாதீங்க. அது தூக்கம் இல்ல, மூச்சு அடைக்குது. எழுப்புங்க, எழலன்னா உடனே 108" என்றாள் நர்ஸ்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதைக் காக்கூதான் கேட்டாள். நான் என் குக்கரை நினைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் இருந்தேன். ஆறு வருஷமாக எனக்கு இருந்த ஒரே ஆறுதல், நீ தூக்கத்தில் நிம்மதியாகப் போனாய் என்பதுதான். அதுவும் அன்றைக்குப் போயிற்று. நர்ஸை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்லி, இரண்டாவது முறை, நெஞ்செலும்பைத் தேய்ப்பது, வாயில் காற்று ஊதுவது என்று ஒவ்வொன்றாய்ப் பிடித்துக்கொண்டேன்.

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஒன்று தருகிறார்கள். தினமும் அங்கே போய், அவர்கள் கண் முன்னாலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஏக்கம் அடங்கும், வேலைக்குப் போகலாம். ஆனால் டாக்டர் பார்த்து எழுத வேண்டும், அவர் வருவது அடுத்த வாரம் வியாழக்கிழமை. அதுவரைக்கும்? காக்கூ பகலில் ஒரு மெஸ்ஸில் சமைக்கப் போகிறாள். வேலையை விட முடியாது. அப்போதுதான் அந்த மிஸ்டு கால் ஏற்பாடு. "போடாமல் இருக்கப் பார். முடியாமல் போனால், முன்னால் எனக்கு ஒரு மிஸ்டு கால். ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று. வரவில்லை என்றால் நான் மேலே வருவேன். கதவைத் தாழ் போடாதே." யார் தலையிலும் கை வைக்கச் சொல்லவில்லை. அவனும் சும்மா தலையாட்டினான்.

உன் அண்ணனுக்கு இது தெரிந்த அன்று வீடு இரண்டாயிற்று. "என்னா செல்வி, அவன் போதைக்கு நீ அலாரம் வைக்கறியா? மிஸ்டு கால் குடுத்துட்டுப் போட்டுக்கோன்னு சொன்னா, போடுன்னு தானே அர்த்தம்?" என்று கத்தினார். ஹார்ட் அட்டாக் பொய்யை உடைத்தது அதைவிடப் பெரிய குற்றம். "நாளைக்கு நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கணும், தெரியுதா?" பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை! எனக்கு வந்த ஆத்திரத்தில், "மொதல்ல அவளுக்கு பிராக்ஷன் கணக்கு சொல்லிக் குடுங்க" என்றேன். அதிலிருந்து பேச்சு இல்லை. சாப்பாடு, டிபன் டப்பா எல்லாம் திவ்யா வழியாகத்தான் போய் வந்தது. அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும், நான் செய்வது சரியா என்று எனக்கே சந்தேகம் வரத்தான் செய்தது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வரலாம்.

ஒரு பிளவுஸுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தேன். போன் ஒரு தடவை அடித்து நின்றது. சுனில். மூன்று பத்து. ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பதினொன்று. மூன்று பன்னிரண்டு. கதவைத் திறந்து வாசலில் போய் நின்றேன். பதின்மூன்று. நானே அடித்தேன், எடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் என்று சொன்னது நான்தான், ஆனால் என்னால் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை. இரண்டு மாடியும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அவர்கள் வீட்டுக் கதவைத் தள்ளினேன்.

விக்கி, அது திறந்துகொண்டது. சுனில் தாழ் போடாமல் வைத்திருந்தான்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் சரிந்திருந்தான், தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டு. முதலில் கேட்டது அந்தச் சத்தம்தான். அதே சத்தம். ஆறு வருஷத்துக்கு முன்னால் கதவுக்கு வெளியே நின்று நான் சந்தோஷப்பட்ட அதே ஈரக் குறட்டை.

"சுனில்! ஏய் சுனில்!" என்று கத்தினேன். விரல் முட்டியை நெஞ்செலும்பில் வைத்து அழுத்தித் தேய்த்தேன், நர்ஸ் காட்டியது போலவே. அசையவில்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. 108-ஐ அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். "கூப்பிட்டா எழல, மூச்சு சரியா வரல" என்று சொல்லி விலாசத்தைச் சொன்னேன். போலீஸ் வருமோ, பெயர் கேட்பார்களோ என்று ஒரு நொடி வந்த பயத்தைத் தள்ளிவிட்டேன். அவனை இழுத்து மல்லாக்கப் போட்டேன். அப்போது குறட்டை நின்றது. நின்றது நல்லதற்கா என்று பார்த்தேன், நெஞ்சு ஏறவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபடி.

எத்தனை தடவை என்று தெரியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் ஷிப்ட் முடிந்து வந்த உன் அண்ணன். கீழே வீடு திறந்து கிடப்பதைப் பார்த்து மேலே ஏறி வந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து சுனிலின் தொண்டையில் அந்தச் சத்தம் ஒரே ஒரு முறை மறுபடி வந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதுதாங்க" என்றேன். "அன்னைக்கு நான் வெளிய நின்னு கேட்டது இதுதாங்க."

அவர் சட்டென்று முட்டி போட்டு உட்கார்ந்து, என் போனை வாங்கிக் காதில் வைத்து, 108-காரர்களுக்கு எந்தச் சந்து, எந்த கேட் என்று மராத்தியில் சொன்னார். இன்னொரு கையால் சுனிலின் தலை நகராமல் பிடித்துக்கொண்டார். நான் ஊதினேன், அவர் எண்ணினார். உரக்க எண்ணினார். ஒரு வாரமாக என்னோடு பேசாத மனுஷன் முதலில் பேசியது ஒன்று, இரண்டு, மூன்றுதான்.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் ஒரு ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் சுனில் இழுத்து மூச்சு விட்டான், கண்ணைத் திறந்து எங்களை முறைத்தான், வாந்தி எடுத்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். எழுந்துவிட்டானே, வீட்டிலேயே இருக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு டாக்டர் திட்டினார். அந்த மருந்தின் வேகம் தணிந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாமாம். கொண்டுபோய் ஒரு நாள் வைத்திருந்தார்கள். காக்கூ மெஸ்ஸிலிருந்து கையில் மாவோடு ஓடி வந்தாள்.

"பாதிதான் போட்டேன் வஹினி. பழையதுல பாதி. சத்தியமா" என்றான் மறுநாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவன் வாயைப் பொத்தினேன். "சத்தியம் எல்லாம் வேணாம்டா, போன் பண்ணு போதும்" என்றேன். வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறான். நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இன்று மதியம் தூங்கி எழுந்து வந்து, ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திவ்யாவை உட்காரவைத்து எல்லாம் சொன்னோம். உன் அண்ணனும் இருந்தார். ஹார்ட் அட்டாக் இல்லை என்றதும் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"என்னடி தெரியும்?"

"சித்தப்பா ரூம்ல ஊசி வச்சிருந்தத நான் பாத்தேன். வெளிய சொன்னா, மே மர் ஜாவூங்கி, செத்துப்போயிடுவேன்னு நெனச்சேன். என் தலையில தான சத்தியம்? அதான் சொல்லல. ராத்திரி படுக்கும்போது தலைய தலகாணிக்கு அடியில வச்சுப்பேன். அப்புறம் சித்தப்பா செத்துட்டாங்க. எனக்கு பதிலா அவங்க போய்ட்டாங்கன்னு நெனச்சேன்."

ஆறு வயசில் ஆரம்பித்துப் பன்னிரண்டு வயசு வரைக்கும் அதைச் சுமந்திருக்கிறாள் விக்கி, என் பக்கத்தில் படுத்துக்கொண்டே. நான் ஒரு பூட்டுப் போட்டேன் என்று நினைத்திருந்தேன். போட்டது இரண்டு. உன் வாய்க்கு ஒன்று, அவள் வாய்க்கு ஒன்று. நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அன்றைக்கு நான் அந்தக் குழந்தையை இழுத்து நிறுத்தாமல் இருந்திருந்தால், அவளாவது ஓடி வந்து என்னிடம் சொல்லியிருப்பாள்.

அவள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "ச்சீ, அம்மா, க்யா கர் ரஹீ ஹோ, என்ன பண்ற" என்று காலை இழுத்துக்கொண்டாள். பிறகு நாற்காலி போட்டு ஏறி, ஆணியிலிருந்து உன் படத்தை இறக்கினாள். மாலையை ஓரமாகத் தள்ளினாள். கண்ணாடிக்கு மேலே, ஒட்ட வெட்டிய உன் தலைமேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"சித்தப்பா, சத்தியம் கேன்சல். எனக்கும் ஒண்ணும் ஆகல. நீங்களும் ஒண்ணும் தப்பு பண்ணல."

உன் அண்ணன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் என்னிடம், "மலருக்கு எழுதப் போறேன்னியே, எழுது. அவன் பேர மாத்தாத" என்றார். அதனால்தான் உன் பெயரோடு எழுதுகிறேன்.

நானும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், யார் தலையிலும் கை வைக்காமல். இந்த போன் இனி சைலண்ட்டில் போகாது. இந்தக் கட்டிடத்தில் யார் வந்து "அண்ணி, ஒரு விஷயம்" என்று வாசலில் நின்றாலும், அடுப்பை அணைத்துவிட்டு, முழுசாகக் கேட்ட பிறகுதான் திட்டுவேன். மூடின கதவுக்குப் பின்னால் அந்தக் குறட்டை கேட்டால், கதவை உடைத்தாவது உள்ளே வருவேன்.

உன் கதவையும் சேர்த்துத்தான், கண்ணா.

குக்கரை இறக்கி வைத்த
உன் அண்ணி,
செல்வி